எச்ஏஎல் பிரசண்ட்

எச்ஏஎல் பிரசண்ட் என்பது இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு உருவாக்கப்பட்ட முதலாவது முழுமையான தாக்குதல் உலங்கு வானூர்தி ஆகும். பொதுவழக்கில் ஹெலிகாப்டர் என அழைக்கப்படும் உலங்கு வானூர்திகளுள், ஆட்களையோ சரக்கையோ ஏற்றிச் செல்லாமல், ஆயுதங்களைச் சுமந்து தாக்குவதற்கென்றே உருவாக்கப்படுவது தாக்குதல் உலங்கு வானூர்தி எனப்படும். பிரசண்டை பெங்களூரில் உள்ள பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (சுருக்கமாக எச்ஏஎல்) தயாரிக்கிறது. 2022 அக்டோபர் 3 வரை இது "இலகுரகப் போர் உலங்கு வானூர்தி" என்ற திட்டப் பெயராலேயே அறியப்பட்டது. அன்று சோத்பூரில் வான்படையில் முறைப்படி சேர்க்கப்பட்டபோது பிரசண்ட் என்ற பெயர் சூட்டப்பட்டது. கடுமையானது, உக்கிரமானது என்பது இப்பெயரின் பொருள். தமிழில் வழங்கும் "பிரசண்டம்" என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததாகும்.

மிக உயர்ந்த மலைப்பகுதிகளில் ஆயுதங்களுடன் இயங்குவதே இவ்வானூர்தியின் முதன்மை நோக்கம். இதன் எடை, எஞ்சின், ஆயுதங்கள் ஆகியவற்றைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் இந்த ஒரு தேவையிலிருந்தே பிறந்தவை.

பின்னணி

உலகின் முதல் தாக்குதல் உலங்கு வானூர்தியாகக் கருதப்படும் அமெரிக்காவின் ஏஎச்-1 கோப்ரா 1965 செப்டம்பர் 7 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஏற்கனவே பயன்பாட்டில் இருந்த யூஎச்-1 ஹூயி என்ற போக்குவரத்து உலங்கு வானூர்தியின் எஞ்சினையும் சுழலியையும் எடுத்துக்கொண்டு, அகன்ற உடலுக்குப் பதிலாக ஒடுங்கிய உடலைப் பொருத்தி அது உருவாக்கப்பட்டது. சோவியத் ஒன்றியமும் மி-8 வானூர்தியின் பாகங்களைப் பயன்படுத்தியே மி-24ஐ உருவாக்கியது. சுழலி, பற்சக்கரப் பெட்டி, எஞ்சின் ஆகியவையே உலங்கு வானூர்தியில் உருவாக்கக் கடினமான பகுதிகள் என்பதால், நிலைபெற்ற ஒரு வானூர்தியிலிருந்து அவற்றை எடுத்துக்கொள்வது காலத்தையும் செலவையும் குறைக்கும். இந்தியாவும் பின்னர் இதே வழியைப் பின்பற்றியது.

இந்திய வான்படை 1984 ஆம் ஆண்டில் மி-24 வானூர்தியின் ஏற்றுமதி வகையான மி-25ஐப் பெற்றது. அதைத் தொடர்ந்து மேம்பட்ட மி-35 வகை வந்தது. இவை வடமேற்கு எல்லையின் சமவெளிகளில் கவச வண்டிகளை எதிர்கொள்வதற்காக வாங்கப்பட்டவை. 1987 இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படைக்கு ஆதரவாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் மி-25 பயன்படுத்தப்பட்டது. மக்கள் நெருக்கமாக வாழும் அந்நிலத்தில் வானிலிருந்து நடத்தப்பட்ட தாக்குதல்களுக்குப் பொதுமக்களும் இரையாயினர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சாவகச்சேரிச் சந்தைப் பகுதியில் உலங்கு வானூர்திகள் நடத்திய தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர்.

யாழ்ப்பாணம் கடல்மட்டத்தை ஒட்டிய தட்டையான நிலம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இந்தியா சந்தித்த அடுத்த போர் இதற்கு நேர்மாறான நிலத்தில் நடந்தது.

கார்கில் போர்

1999 ஆம் ஆண்டு கார்கில் போரில் எதிரிகள் 4,500 மீட்டருக்கும் மேற்பட்ட மலைமுகடுகளில் நிலைகொண்டிருந்தனர். பல டன் எடையுள்ள மி-25, மி-35 வானூர்திகளால் ஆயுதங்களுடன் அவ்வுயரத்தில் பயனுள்ள வகையில் இயங்க இயலவில்லை. எனவே போக்குவரத்துக்கான மி-17 வானூர்திகளில் ராக்கெட் குழல்கள் பொருத்தப்பட்டு அவை தாக்குதலில் ஈடுபடுத்தப்பட்டன. 1999 மே 28 அன்று தோலோலிங் மலைப்பகுதியில் அத்தகைய மி-17 ஒன்று, தோளில் வைத்து ஏவப்படும் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த வான்படையினர் நால்வரும் உயிரிழந்தனர். வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணைகளைத் திசைதிருப்பும் தீப்பொறி வீசிகள் அவ்வானூர்தியில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. இதற்குப் பிறகு மி-17 வானூர்திகள் அப்போரில் தாக்குதல் பணியிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன.

உயர்ந்த மலைகளில் இயங்கக்கூடிய, தற்காப்புக் கருவிகள் கொண்ட, தாக்குதலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட இலகுவான வானூர்தி தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

உயரமும் காற்றடர்த்தியும்

ஓர் உலங்கு வானூர்தி தன் சுழலியால் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதன் மூலமே மேலெழுகிறது. ஆகவே அதன் தூக்கும் திறன் காற்றின் அடர்த்தியைச் சார்ந்தது.

எடுத்துக்காட்டாக, காவிரிப் படுகையில் அமைந்த தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. இத்தகைய சமவெளியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோகிராம். 5,000 மீட்டர் உயரத்தில் அதே ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 0.74 கிலோகிராம் மட்டுமே. அதாவது, சுழலி பற்றிக்கொள்ளக் கிடைக்கும் காற்று சமவெளியில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுகிறது.

இதனால் இரண்டு பாதிப்புகள் ஒருங்கே ஏற்படுகின்றன. முதலாவதாக, அதே எடையைத் தூக்கச் சுழலிக்கு அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. இரண்டாவதாக, எரிபொருளை எரிக்கத் தேவையான ஆக்சிசன் குறைவதால் எஞ்சின் தரும் ஆற்றலும் குறைகிறது. தேவை கூடும் இடத்திலேயே இருப்பு குறைகிறது எனலாம். வெப்பம் மிகும்போதும் காற்று விரிந்து அடர்த்தி குறையும் என்பதால், கோடைக்கால மலைப்பகுதி உலங்கு வானூர்திகளுக்கு மிகக் கடினமான சூழலாகும்.

சமவெளியில் கவசத் தகடுகளும் எரிபொருளும் ஏவுகணைகளும் நிறைத்துக்கொண்டு எளிதாக எழும் வானூர்தி, மலையில் இவற்றுள் ஏதேனும் ஒன்றை விட்டுவிட்டே எழ முடியும். ஆகவே மலைப் போருக்கான வானூர்தியை வடிவமைப்பவர் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியுள்ளது.

உருவாக்கம்

பிரசண்டின் தாய் வானூர்தி எச்ஏஎல் துருவ் ஆகும். துருவின் வடிவமைப்பு 1984 இல் செருமனியின் எம்பிபி நிறுவனத்தின் உதவியுடன் தொடங்கியது. 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாகப் பறந்த துருவ், 2002 இல் படைகளில் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் துருவில் பிரான்சு நாட்டின் டிஎம்333 எஞ்சின்கள் பயன்படுத்தப்பட்டன. பின்னர், உயர்ந்த மலைகளில் கூடுதல் ஆற்றல் தரும் "சக்தி" எஞ்சினை எச்ஏஎல் நிறுவனமும் பிரான்சின் டர்போமெக்கா நிறுவனமும் இணைந்து உருவாக்கின. இந்த எஞ்சின் கிடைத்ததே மலைப் போருக்கான வானூர்தியைச் சாத்தியமாக்கியது.

2006 அக்டோபரில் இந்திய அரசு இலகுரகப் போர் உலங்கு வானூர்தித் திட்டத்திற்கு ரூ. 376.67 கோடி ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. முதல் பறப்பு 2008 இல் நிகழும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் முதல் முன்மாதிரியின் எடை திட்டமிட்டதைவிட அதிகமானதால், அதைக் குறைக்கும் பணி காலத்தை எடுத்துக்கொண்டது. முதல் முன்மாதிரி 2010 மார்ச் 29 அன்று பெங்களூரில் சுமார் 20 நிமிடங்கள் பறந்தது.

சோதனைகள்

முன்மாதிரிகள் வெவ்வேறு தட்பவெப்பச் சூழல்களில் சோதிக்கப்பட்டன.

கடல்மட்டச் சோதனை: 2012 சூன் மாத இறுதியில் இரண்டாவது முன்மாதிரி சென்னைக்கு அருகே சோதிக்கப்பட்டது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அடர்த்தியான காற்றில் வானூர்தியின் செயல்திறனையும் பாகங்களின் மீது விழும் சுமையையும் அளக்கக் கடற்கரைப் பகுதி தேவைப்பட்டது.

குளிர்காலச் சோதனை: 2015 பெப்ரவரியில் லடாக்கின் லே பகுதியில் நடைபெற்றது. சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசு குளிரில் இரவு முழுவதும் வெளியே நிறுத்தப்பட்ட பிறகு எஞ்சின் இயங்குகிறதா என்பது சோதிக்கப்பட்டது.

வெப்பச் சோதனை: 2015 சூனில் ராசத்தான் மாநிலத்தின் சோத்பூரில் நடைபெற்றது.

உயர்மலைச் சோதனை: அதே ஆண்டில் சியாச்சின் பகுதியில், ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரத்தில் உள்ள இறங்குதளத்தில் சுமையுடன் இறங்கி ஏறியது. கார்கில் போர் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்தது இச்சோதனையில்தான் எனலாம்.

ஆயுதச் சோதனை: 2016 மார்ச்சில் செய்சல்மேர் அருகே 70 மி.மீ. ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. 2018 இல் 20 மி.மீ. பீரங்கி சோதிக்கப்பட்டது. 2019 சனவரியில் ஒடிசாவின் சண்டிப்பூரில், வானில் பறக்கும் இலக்கு ஒன்று மிஸ்ட்ரல் ஏவுகணையால் தாக்கப்பட்டது.

வடிவமைப்பு

துருவின் சுழலி, பற்சக்கரப் பெட்டி, எஞ்சின்கள் ஆகியவை பிரசண்டிலும் பயன்படுத்தப்படுகின்றன. உடல் முற்றிலும் புதியது. இரு விமானிகளும் அருகருகே அமராமல் ஒருவர்பின் ஒருவராக அமர்கின்றனர். இதனால் முன்னிருந்து பார்க்கும்போது உடல் ஒடுங்கியதாகத் தோன்றும். எதிரியின் குண்டுக்கு இலக்காகும் பரப்பு குறைவதுடன், காற்றின் தடையும் குறைகிறது. எடையைக் குறைப்பதற்காக உடலின் பல பகுதிகள் கலப்புப் பொருள்களால் செய்யப்பட்டுள்ளன.

சக்கரங்களைத் தாங்கும் கால்களும் இருக்கைகளும், வானூர்தி வேகமாகத் தரையில் மோத நேர்ந்தாலும் அதிர்ச்சியை உள்வாங்கி விமானிகளைக் காக்கும் வகையில் அமைக்கப்பட்டவை. ரேடார் அலைகள் நேராகத் திரும்பாதிருக்க உடலின் பக்கங்கள் சாய்வாக அமைக்கப்பட்டுள்ளன. ரேடார் கதிர், லேசர் கதிர், வரும் ஏவுகணை ஆகியவற்றை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகளும் தீப்பொறி வீசிகளும் உள்ளன.

மூக்குப் பகுதியில் உள்ள கருவிக்கோளத்தில் பகல்நேர ஒளிப்படக் கருவி, இரவில் வெப்பத்தைக் கொண்டு காணும் அகச்சிவப்புக் கருவி, தொலைவை அளக்கும் லேசர் ஆகியவை உள்ளன. பீரங்கி விமானியின் தலைக்கவசத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. விமானி தலையைத் திருப்பும் திசையில் பீரங்கியும் திரும்பும்.

ஆயுதங்கள்

* மூக்கின் கீழே சுழலும் மேடையில் பொருத்தப்பட்ட 20 மி.மீ. எம்621 பீரங்கி (பிரான்சு).
* 70 மி.மீ. ராக்கெட்டுகள். ஒரு கூட்டில் 12 வீதம் நான்கு கூடுகளில் 48 வரை.
* வானிலுள்ள இலக்குகளைத் தாக்கும் மிஸ்ட்ரல்-2 ஏவுகணைகள் (பிரான்சு).
* கவச வண்டிகளைத் தாக்கும் ஏவுகணைகள். இதற்காக இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு, சுமார் 7 கி.மீ. தாக்குதொலைவு கொண்ட ஹெலினா ஏவுகணையை உருவாக்கியுள்ளது. இதன் வான்படை வகை துருவாஸ்திரா எனப்படுகிறது.

இவை அனைத்தும் ஒரே பறப்பில் முழு அளவில் ஏற்றப்படுவதில்லை. பறக்கவேண்டிய உயரத்தையும் பணியையும் பொறுத்துச் சுமை தீர்மானிக்கப்படுகிறது.

வகைகள்

செயல்விளக்க முன்மாதிரிகள்: நான்கு முன்மாதிரிகள் கட்டப்பட்டன. முதலாவது 2010 மார்ச் 29 அன்றும், இரண்டாவது 2011 சூன் 28 அன்றும், மூன்றாவது 2014 நவம்பர் 12 அன்றும், நான்காவது 2015 திசம்பர் 1 அன்றும் முதன்முதலாகப் பறந்தன. முதல் முன்மாதிரி வடிவமைப்பு பறக்கத்தக்கது என்பதைக் காட்டவே பயன்பட்டது. அடுத்தடுத்த முன்மாதிரிகளில் எடை குறைக்கப்பட்டு, கருவிகளும் ஆயுதங்களும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன.

வரையறுக்கப்பட்ட உற்பத்தி வகை: 2017 ஆகஸ்ட் 26 அன்று இதன் உற்பத்தியை அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அருண் செட்லி தொடங்கி வைத்தார். 2022 மார்ச் 30 அன்று 15 வானூர்திகளை ரூ. 3,887 கோடிக்கு வாங்க ஒப்புதல் வழங்கப்பட்டது. இவற்றுள் 10 வான்படைக்கும் 5 தரைப்படைக்கும் உரியவை. மதிப்பின் அடிப்படையில் இவற்றில் உள்நாட்டுப் பங்கு சுமார் 45 விழுக்காடு.

முழு உற்பத்தி வகை: 2025 மார்ச் 28 அன்று 156 வானூர்திகளுக்கான இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. வரிகள் நீங்கலாக இவற்றின் மதிப்பு ரூ. 62,700 கோடி. தரைப்படைக்கு 90, வான்படைக்கு 66 எனப் பகிரப்பட்டுள்ளன. மூன்றாம் ஆண்டில் வழங்கத் தொடங்கி ஐந்தாண்டுகளில் முடிப்பது திட்டம். பெங்களூரிலும், 2023 பெப்ரவரி 6 அன்று திறக்கப்பட்ட தும்கூர் தொழிற்சாலையிலும் இவை தயாரிக்கப்படும். உள்நாட்டுப் பங்கை 65 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவது இலக்காகும்.

ருத்ரா: இது பிரசண்டின் வகை அன்று. எனினும் பலரால் இதனுடன் குழப்பிக்கொள்ளப்படுவதால் இங்கு குறிப்பிடப்படுகிறது. துருவின் அகன்ற உடலை மாற்றாமல், அதிலேயே பீரங்கியும் ராக்கெட்டுகளும் ஏவுகணைகளும் பொருத்தப்பட்டது ருத்ரா. இதன் முதல் பறப்பு 2007 ஆகஸ்ட் 16 அன்று நிகழ்ந்தது. ருத்ராவில் படைவீரர்கள் அமர இடமுண்டு. பிரசண்டில் இரு விமானிகளைத் தவிர வேறு எவரும் அமர இயலாது. பீரங்கி இரண்டிலும் ஒன்றே.

பயன்பாடு

படையில் முறைப்படி சேர்க்கப்படுவதற்கு முன்பே, 2020 ஆகஸ்டில், சீனாவுடனான எல்லைப் பதற்றத்தின்போது இரண்டு வானூர்திகள் லே பகுதிக்கு அனுப்பப்பட்டன. வான்படையின் 143 ஆவது உலங்கு வானூர்திப் பிரிவு பிரசண்டை இயக்குகிறது. "தனுஷ்" என்ற பெயருடைய இப்பிரிவு சோத்பூரில் அமைக்கப்பட்டது. தரைப்படையின் 351 ஆவது வான்பிரிவு 2022 சூன் 1 அன்று பெங்களூரில் தொடங்கப்பட்டு, பின்னர் அசாம் மாநிலத்தின் மிசாமாரிக்கு மாற்றப்பட்டது.

நிலத்திற்கேற்ப படைக்கலம் அமைவதைத் தமிழ்நாட்டுடன் ஒப்பிட்டும் காணலாம். தஞ்சாவூர் வான்படைத் தளத்தில் 2020 சனவரி 20 அன்று சுகோய்-30 போர் விமான அணி நிறுவப்பட்டது. பிரமோசு ஏவுகணையுடன் தொலைதூரக் கடற்பரப்பைக் காப்பது அவ்வணியின் முதன்மைப் பணி. சமவெளியில், நீண்ட ஓடுபாதையில், கடலை நோக்கி நிற்கும் அந்தக் கனமான விமானத்திற்கும், ஓடுபாதையே இல்லாத பனிமலையில் இறங்க வேண்டிய பிரசண்டுக்கும் உள்ள வேறுபாடு, அவை காக்கும் நிலங்களின் வேறுபாடேயாகும்.

156 வானூர்திகளின் தயாரிப்பில் 250க்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்கள் பங்கேற்கும் என்றும், அவற்றுள் பெரும்பாலானவை சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்றும் அரசு அறிவித்துள்ளது. தமிழ்நாட்டில் இத்தகைய பணிகளை ஈர்க்கும் நோக்குடன், காவிரிக் கரையில் உள்ள திருச்சிராப்பள்ளியில் 2019 சனவரி 20 அன்று தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகியவை இதன் ஐந்து மையங்கள்.

விமர்சனங்கள்

காலத்தாழ்வு: கார்கில் போர் முடிந்து 23 ஆண்டுகளுக்குப் பிறகே பிரசண்ட் படையில் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தியா 2015 இல் 22 அப்பாச்சி வானூர்திகளை அமெரிக்காவிடமிருந்து வாங்க ஒப்பந்தம் செய்தது. அப்பாச்சி பத்து டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. அதன் 30 மி.மீ. பீரங்கி பிரசண்டின் பீரங்கியைவிட வலியது. ஆனால் உயர்மலையில் எடையின் சுமை அதற்கே அதிகம். எனவே ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பக்கூடியது அன்று.

கவச எதிர்ப்பு ஏவுகணை இன்மை: 2022 இல் படையில் சேர்ந்தபோது கவச வண்டிகளைத் தாக்கும் ஏவுகணையை இணைக்கும் பணி நிறைவடைந்திருக்கவில்லை. ஒரு தாக்குதல் உலங்கு வானூர்தியின் தலையாய ஆயுதம் அதுவே என்பதால் இது முக்கியக் குறையாகச் சுட்டப்பட்டது.

வெளிநாட்டுச் சார்பு: வானூர்தி இந்திய வடிவமைப்பாயினும் பீரங்கி, வான் இலக்கு ஏவுகணை ஆகியவை வெளிநாட்டு வடிவமைப்புகள். எஞ்சின் இந்தியாவில் தயாரிக்கப்பட்டாலும் அதன் வடிவமைப்பில் பிரான்சுக்குப் பங்குண்டு.

ஆளில்லா வானூர்திகளின் எழுச்சி: 2022 இல் தொடங்கிய உக்ரைன் போரில் உருசியா பல தாக்குதல் உலங்கு வானூர்திகளை இழந்தது. அதே ஆண்டு திசம்பரில் சப்பான் தன் தாக்குதல் உலங்கு வானூர்திகளைக் கைவிட்டு அவற்றின் இடத்தில் ஆளில்லா வானூர்திகளைப் பயன்படுத்த முடிவு செய்தது. இத்தகைய சூழலில் 156 வானூர்திகளை வாங்குவது சரியா என்ற கேள்வி எழுகிறது. சிறிய ஆளில்லா வானூர்திகளும் மெல்லிய காற்றின் அதே தடையை மலையில் எதிர்கொள்கின்றன என்பதும், மலைமுகடுகளுக்கு இடையே மறைந்து பறக்க உலங்கு வானூர்தியால் இயலும் என்பதும் இதற்கு ஆதரவாக முன்வைக்கத்தக்க வாதங்கள்.

விவரக்கூறுகள்

* பணிக்குழு: 2
* நீளம்: 15.8 மீட்டர்
* உயரம்: 4.7 மீட்டர்
* முதன்மைச் சுழலி: நான்கு அலகுகள், விட்டம் சுமார் 13.2 மீட்டர்
* புறப்பாட்டின்போது மிகுந்த எடை: 5,800 கிலோகிராம்
* எஞ்சின்: இரண்டு சக்தி எஞ்சின்கள், ஒவ்வொன்றும் சுமார் 1,400 குதிரைத்திறன்
* பறப்பு வேகம்: மணிக்கு சுமார் 268 கி.மீ.
* பறப்புத் தொலைவு: சுமார் 550 கி.மீ.
* பறப்பு உயர எல்லை: சுமார் 6,500 மீட்டர்
* இயக்குவோர்: இந்திய வான்படை, இந்தியத் தரைப்படை